பழைய கணினியை எறியுமுன்: உடையார்கட்டுக்கு வேண்டியது பழுதுபார்க்கும் அறிவு

2025 ஒக்ரோபர் 14 ஆம் திகதியுடன் வின்டோஸ் 10 இயங்குதளத்துக்கான வழமையான ஆதரவை மைக்ரோசொஃப்ட் நிறுவனம் நிறுத்திக்கொண்டது. அடுத்த பதிப்பான வின்டோஸ் 11, ஏறத்தாழ 2018 ஆம் ஆண்டுக்கு முன்னர் வெளிவந்த கணினிகளில் பெரும்பாலானவற்றை ஏற்றுக்கொள்வதில்லை. கொழும்பின் பெரிய அலுவலகங்களுக்கும் புலம்பெயர் நாடுகளின் நிறுவனங்களுக்கும் இது கணக்கில் எழுதப்படும் ஒரு செலவு. பழையதை அகற்றிப் புதியதை வாங்குவார்கள். வன்னிப் பெருநிலப்பரப்பில் நிலைமை வேறு. இங்குள்ள பாடசாலைகளிலும் தொடர்பாடல் நிலையங்களிலும் வீடுகளிலும் இருக்கும் மேசைக் கணினிகளில் பல, வேறெங்கோ அகற்றப்பட்ட பின்னர் எம்மிடம் வந்து சேர்ந்தவை.

பரந்தன் - முல்லைத்தீவு ஏ-35 வீதியில், விசுவமடுவுக்கும் புதுக்குடியிருப்புக்கும் இடையில் இருக்கும் ஊர் உடையார்கட்டு. 2009 தை மாதம் அரசாங்கம் அறிவித்த முதலாவது பாதுகாப்பு வலயம் இந்த ஊரையும் சுதந்திரபுரத்தையும் சார்ந்தே அமைந்தது. உடையார்கட்டில் இயங்கிய தற்காலிக மருத்துவமனையும் எறிகணைக்குத் தப்பவில்லை என்பதை ஐக்கிய நாடுகள் சபையின் அறிக்கைகள் பதிவு செய்துள்ளன. அங்கிருந்து கிழக்கு நோக்கி நகர்ந்த மக்கள் பிள்ளைகளையும், ஒரு பையில் அடங்கிய அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, ஒன்றிரண்டு படங்களையும் தவிர வேறெதையும் பெரிதாகக் கொண்டுசெல்லவில்லை. அந்தப் பையும் மாத்தளனுக்கும் முள்ளிவாய்க்காலுக்கும் இடையில் பலருக்குத் தொலைந்துபோனது.

மீள்குடியேறிய பின்னர் எஞ்சிய தாள்கள் மெல்ல மெல்லக் கணினிக்குள் போயின. அதனால்தான் இந்த ஊர்களில் ஒரு பழைய கணினி நின்றுபோவது வெறும் இயந்திரப் பழுது என்று தள்ளிவிடக்கூடிய விடயம் அல்ல.

அது நின்றுபோகும் விதத்திலும் ஒரு ஒழுங்கு உண்டு. கிறவல் வீதித் தூசி படிந்த பெட்டியை ஒருநாள் திறந்து, துடைத்து, கழற்றியவற்றைத் திரும்பப் பூட்டி, சுவிச்சைப் போட்டால் கணினி அசையாது. "நேற்றுவரைக்கும் நல்லா வேலை செய்தது, துடைச்சதோட செத்துப்போச்சு" என்பது கணினி திருத்துபவர்கள் அடிக்கடி கேட்கும் வசனம். அதன் பின்னர் வழமையாக இரண்டு முடிவுகளில் ஒன்று எடுக்கப்படுகிறது. ஒன்று, பெட்டியை மூலையில் போட்டுவிடுவது. மற்றையது, கடையில் கொடுத்து 'போர்மட்' செய்விப்பது. முதலாவதில் நல்ல இயந்திரம் வீணாகிறது. இரண்டாவதில் உள்ளே இருந்தவை அழிகின்றன. பெரும்பாலான வேளைகளில் இரண்டுமே தேவையற்றவை.

கணினிக்குள் இருப்பது என்ன?

போருக்குப் பின்னரான ஆண்டுகளில் எமது மக்கள் எழுதிக் கொடுத்த கடிதங்களை எண்ணிப் பார்க்க வேண்டும். 2010 இல் கற்றுக்கொண்ட பாடங்கள் மற்றும் நல்லிணக்க ஆணைக்குழு வந்தது. 2013 இல் காணாமற்போனோர் தொடர்பாக விசாரிக்கவென ஜனாதிபதி ஆணைக்குழு அமைக்கப்பட்டது. 2016 இல் காணாமற்போன ஆட்கள் பற்றிய அலுவலகத்துக்கான சட்டம் நிறைவேறியது. 2017 மாசி மாதம் கிளிநொச்சியிலும், பங்குனி மாதம் முல்லைத்தீவிலும் காணாமல் ஆக்கப்பட்டோரின் உறவினர்கள் தொடர் போராட்டத்தைத் தொடங்கினர். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரே தாய், ஒரே மகனின் விபரத்தை, புதிதாகத் தட்டச்சு செய்வித்துக் கொடுத்திருக்கிறாள்.

அந்தக் கடிதங்களைத் தட்டச்சு செய்தவை வீதியோரத் தொடர்பாடல் நிலையங்களின் கணினிகள். கசங்கிய ஒரேயொரு படத்தை வருடி நகலெடுத்ததும் அவைதான். காணி விண்ணப்பம், வீட்டுத்திட்ட முறைப்பாடு, மரண அத்தாட்சிக்கான சத்தியக்கடதாசி எல்லாம் அதே வன்தட்டில்தான் கிடக்கின்றன. கொடுக்கப்பட்ட மூலப்பிரதி அலுவலகக் கோப்பொன்றில் இருக்கலாம். எடுத்துப் பார்க்கக்கூடிய பிரதி பல குடும்பங்களுக்கு இந்தப் பழைய கணினிகளில் மட்டுமே இருக்கிறது.

இன்னொரு சிக்கலும் உண்டு. அக்காலக் கடிதங்களில் பெரும்பகுதி பாமினி எழுத்துருவில் அடிக்கப்பட்டவை. வன்தட்டை அழித்துப் புதிதாக இயங்குதளம் போட்ட கணினியில், எங்கோ சேமித்து வைத்த பிரதியைத் திறந்தாலும் அது ஆங்கில எழுத்துக் குவியலாகவே தெரியும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து அழித்தவர்களும் உள்ளனர். அது கெடவில்லை. பாமினி எழுத்துருவைத் திரும்ப நிறுவினால் தமிழ் வந்துவிடும். ஒருங்குறிக்கு மாற்றி இன்னொரு பிரதி வைத்துக்கொண்டால் இனி எந்தக் கணினியிலும் வாசிக்கலாம்.

முதலில் வன்தட்டைப் பாதுகாத்தல்

ஆகவே, நின்றுபோன கணினியில் முதற்கேள்வி 'எப்படி இயங்க வைப்பது' என்பதல்ல. உள்ளிருப்பதை எப்படிக் காப்பது என்பதே.

ஹாட் டிஸ்க் என்று கடைகளில் சொல்லப்படும் வன்தட்டு தனியான ஒரு பெட்டி. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னர் அதன் இரண்டு கேபிள்களையும் கழற்றி, பக்கத்துத் திருகாணிகளை எடுத்தால் கையோடு வரும். யூ.எஸ்.பி. வழியாக வன்தட்டை இணைக்கும் சிறு கருவி ஒன்று கணினிக் கடைகளில் கிடைக்கிறது. மேசைக் கணினியின் பெரிய வன்தட்டுக்கு, தனி மின்வழங்கியோடு வருவதையே வாங்க வேண்டும். அதைக் கொண்டு வேறொரு கணினியில் கோப்புகளைப் பிரதி செய்து, இரண்டு இடங்களில் வைத்துக்கொள்ளலாம். மதர்போட் இயங்காவிட்டாலும் வன்தட்டு நலமாக இருக்கும். இரண்டும் வெவ்வேறு பொருட்கள் என்பதைப் பலர் அறியாததாலேயே 'கணினி செத்தால் எல்லாம் போச்சு' என்ற எண்ணம் நிலைத்திருக்கிறது.

வன்தட்டிலிருந்து டிக், டிக் என்ற உலோகச் சத்தம் விட்டுவிட்டு வந்தால், மீண்டும் மீண்டும் மின்சாரம் கொடுத்துப் பார்க்கக்கூடாது. ஒவ்வொரு முயற்சியும் சேதத்தைக் கூட்டும். அதை அப்படியே எடுத்து, தரவு மீட்பில் அனுபவமுள்ளவரிடம் கொடுக்க வேண்டும்.

யாரிடம் கொடுக்கிறோம் என்பதிலும் கவனம் வேண்டும். சாட்சியங்களும் பெயர்களும் முகவரிகளும் உள்ள வன்தட்டு அது. கண்முன்னே பிரதி செய்து தரக்கூடியவரிடம் கொடுப்பதே நல்லது. கணினியை விற்பதாயினும், பழைய இரும்புக்குப் போடுவதாயினும், வன்தட்டைக் கழற்றி எடுத்துவிட்டே கொடுக்க வேண்டும்.

துடைத்த பின்னர் ஏன் நிற்கிறது?

நேற்றுவரை இயங்கிய பொருள் துடைத்தவுடன் நின்றால், காரணம் பெரும்பாலும் கை பட்ட இடத்தில்தான் இருக்கும். கைபட்டு அசைந்த கேபிள், முழுதாக இறங்காத றாம் அட்டை, சரியாகப் பூட்டப்படாத விசிறி, காயாத ஈரம் ஆகியவையே முதற் சந்தேக நபர்கள். புதிய உதிரிப்பாகம் வாங்குவதற்கு முன்னர் இவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்து முடிக்க வேண்டும்.

மின்வடத்தைப் பிடுங்கி, சுவிச்சை ஒருமுறை அமத்தி எஞ்சிய மின்சாரத்தை வெளியேற்றி, பெட்டியின் பூச்சில்லாத உலோகப் பகுதியைத் தொட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது முறை. உடலில் தேங்கும் நிலைமின் கண்ணுக்குத் தெரியாமலே சிப்புகளைக் கெடுத்துவிடும். பவர் சப்ளைப் பெட்டியை மட்டும் வீட்டில் திறக்கக்கூடாது. மின்வடத்தைப் பிடுங்கிய பின்னரும் அதற்குள் ஆபத்தான மின்னேற்றம் நிற்கும். எமது பகுதிகளில் பல்லியும் எறும்பும் அதற்குள் குடியேறுவது வழமை. அதைத் துப்புரவாக்குவது பயிற்சி பெற்றவரின் வேலை.

இனி அறிகுறிகளைப் பார்ப்போம்.

சுவிச்சை அமத்தினால் எந்த அசைவும் இல்லை என்றால், சுவர் செருகியில் வேறொரு பொருளைப் போட்டு மின்சாரம் வருகிறதா என்று பாருங்கள். அடுத்து, பவர் சப்ளையின் பின்புறச் சுவிச் துடைக்கும்போது அணைந்திருக்கலாம். பழைய பெட்டிகள் சிலவற்றின் பின்னால் 115, 230 என்று எழுதிய சிறிய நகர்த்தும் சுவிச் ஒன்று இருக்கும். எமது நாட்டு மின்சாரம் 230 வோல்ட். அது 115 இல் நிற்கும்போது மின்சாரம் கொடுத்தால் பவர் சப்ளை எரிந்துவிடும். எனவே வடத்தைச் செருகுமுன் அதைப் பார்த்தேயாக வேண்டும். பின்னர் மதர்போட்டுக்கு வரும் 24 முனைப் பெரிய செருகி முழுதாக இறங்கியிருக்கிறதா, முன்பக்கச் சுவிச்சிலிருந்து வரும் மெல்லிய இரட்டை வயர் அதற்குரிய ஊசிகளில் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இந்த மெல்லிய வயர் கழன்றதற்காக மூலையில் ஒதுங்கிய கணினிகள் உண்டு.

விசிறி சுற்றுகிறது, திரையில் ஒன்றும் வரவில்லை என்றால், புரொசசருக்கு அருகில் உள்ள நான்கு முனைச் சிறு செருகியைப் பாருங்கள். பலர் பெரிய செருகியைப் பூட்டிவிட்டு இதை மறந்துவிடுவார்கள். அது இல்லாமல் விசிறி மட்டும் சுற்றும், மூளை வேலை செய்யாது. அடுத்தது றாம். அதைக் கழற்றி, பொன்னிறத் தொடுகைகளைப் பாடசாலைப் பிள்ளைகளின் அழிறப்பரால் மெதுவாகத் தேய்த்து, துகள்களைத் துடைத்து, இரு பக்கக் கொளுக்கிகளும் 'கிளிக்' என்று பூட்டும்வரை நேராக அமத்த வேண்டும். இரண்டு அட்டைகள் இருந்தால் ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்கலாம். தனிக் கிராபிக் அட்டை உள்ள கணினியில் மொனிற்றர் கேபிளை மதர்போட்டின் துளையில் செருகியிருந்தாலும் திரை இருட்டாகவே இருக்கும்.

பீப் ஒலி கேட்டால் அதைக் குறை என்று எண்ண வேண்டாம். கணினி தன் நோயைத் தானே சொல்கிறது. ஒலியின் கணக்குத் தயாரிப்பாளருக்கு ஏற்ப மாறும். ஆயினும் நீண்ட ஒலி திரும்பத் திரும்ப வந்தால் முதலில் றாமைச் சந்தேகிக்கலாம். றாமை முழுதாக எடுத்துவிட்டுப் போட்டால் ஒலி எழுப்புகிற மதர்போட் உயிரோடு இருக்கிறது என்பதற்கு அதுவே சான்று.

சில நிமிடம் இயங்கிவிட்டுத் தானாக அணைகிறது என்றால், அது வெப்பம். புரொசசருக்கு மேலுள்ள வெப்பத்தணிப்பானைக் கழற்றியிருந்தால் பழைய பசையைத் துடைத்துவிட்டு, ஒரு பயறளவு புதிய வெப்பப்பசை வைத்தே பூட்ட வேண்டும். பல இன்ரெல் கணினிகளில் அது நான்கு பிளாஸ்ரிக் கால்களில் நிற்கிறது. மூலைக்கு மூலை எதிராக அமத்தி, நான்கும் பூட்டியதை மதர்போட்டின் பின்புறமாகப் பார்த்து உறுதிசெய்ய வேண்டும். ஒரு கால் கிளம்பி நின்றாலும் போதும், கணினி தன்னைக் காப்பாற்றிக்கொள்ள அணைந்துவிடும். பழைய ஏ.எம்.டி. கணினிகளில் வேறு அபாயம் உண்டு. காய்ந்த பசை ஒட்டிப் புரொசசரும் சேர்ந்து பிடுங்குப்பட்டு ஊசிகள் வளைந்துவிடும். கணினியைச் சிறிது நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு ஆறுமுன் மெல்லத் திருகிக் கழற்றினால் இது நேராது.

திரை வருகிறது, ஆனால் வின்டோஸ் வரவில்லை, வன்தட்டைக் காணவில்லை என்கிறது என்றால், வன்தட்டின் இரண்டு கேபிள்களையும் கழற்றி மீண்டும் பூட்டுங்கள். அதோடு மதர்போட்டில் காசளவு இருக்கும் சி.ஆர். 2032 பற்றரியைக் கவனியுங்கள். துடைக்கும்போது அது கழன்றாலோ, வயது போய் மூன்று வோல்ட் கொடுக்க முடியாமற் போனாலோ, கணினியின் அடிப்படை அமைப்புகள் ஆரம்ப நிலைக்குத் திரும்பிவிடும். எந்த வன்தட்டிலிருந்து தொடங்குவது, அதை எந்த முறையில் வாசிப்பது என்ற இரண்டும் மாறிப்போகும். வாசிக்கும் முறை மாறினால் வின்டோஸ் தொடங்கி, நீலத் திரையோடு நின்றுவிடும். இந்த இடத்தில்தான் 'வின்டோஸ் அடிபட்டுப் போச்சு, போர்மட் பண்ண வேணும்' என்ற தீர்ப்பு வழங்கப்படுகிறது. உண்மையில் செய்ய வேண்டியது அமைப்பில் ஒரு சொல்லை மாற்றுவதுதான். பற்றரி போனால் திகதியும் பின்னுக்குப் போகும். திகதி பிழைத்த கணினியில் வங்கி, அரச திணைக்கள இணையப் பக்கங்கள் 'பாதுகாப்பற்றது' என்று திறக்க மறுக்கும். இணைய இணைப்பில் பிழை தேடிக் களைத்தவர்கள் முதலில் மூலையிலுள்ள மணிக்கூட்டைப் பார்த்திருக்கலாம்.

இவை எவற்றிலும் அகப்படாவிட்டால், எல்லாவற்றையும் கழற்றிவிட்டு மதர்போட், விசிறியோடு புரொசசர், ஒரு றாம், பவர் சப்ளை ஆகியவற்றை மட்டும் வைத்துத் தொடங்குங்கள். இயங்கினால் ஒவ்வொரு பகுதியாகச் சேர்த்துக்கொண்டு போகலாம். எதைச் சேர்த்ததும் நிற்கிறதோ, குறை அங்கே. மதர்போட்டுக்குக் கீழே தவறி விழுந்த ஒரு திருகாணியும் முழுக் கணினியையும் நிறுத்தும் என்பதை மறக்கவேண்டாம். 2000 ஆம் ஆண்டை ஒட்டிய காலத்து மதர்போட்டுகளில் உருளை வடிவ மின்கொள்ளளவிகள் தலை வீங்கிக் கிடந்தால், அது துடைத்ததால் வந்ததல்ல. அக்காலத்தில் உலகெங்கும் தரமற்ற மின்கொள்ளளவிகள் சந்தைக்கு வந்தன. வானொலி, தொலைக்காட்சி திருத்தும் ஒருவரால் அவற்றை மாற்றிவிட முடியும்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுவது, மாற்றியதைக் குறித்துக்கொள்வது, அடுத்ததற்குப் போவது. இதற்குப் பட்டப்படிப்புத் தேவையில்லை. பொறுமை வேண்டும்.

மீண்டும் நின்றுபோகாமல் துடைப்பது எப்படி?

கழற்றுமுன் கைத்தொலைபேசியால் நான்கைந்து படங்கள் எடுத்துவைத்தால், எந்த வயர் எங்கே இருந்தது என்ற சிக்கலில் பெரும்பகுதி தீர்ந்துவிடும். காற்றடிக்கும்போது விசிறி சுற்றாமல் விரலால் பிடித்துக்கொள்ள வேண்டும். பெற்றோலோ மண்ணெண்ணெயோ கொண்டு துடைக்கக்கூடாது. மெல்லிய தூரிகையும் ஐசோபுரொப்பைல் அற்ககோலும் போதும். நன்றாகத் துடைத்திருக்கும் றாமையும் புரொசசரையும் வீணாகக் கழற்றத் தேவையில்லை.

வெள்ளத்தில் நனைந்த கணினி தனி விடயம். 2025 கார்த்திகை இறுதியில் டித்வா புயலோடு வந்த மழையும் வெள்ளமும் வன்னியையும் விட்டுவைக்கவில்லை. நனைந்த கணினியை 'வேலை செய்கிறதா' என்று போட்டுப் பார்ப்பதே அதைக் கொல்வது. சேற்று நீர் காய்ந்தாலும் உப்பும் மண்ணும் தடங்களில் ஒட்டி நிற்கும். முதலில் வன்தட்டையும் பற்றரியையும் கழற்றி, மதர்போட்டை அற்ககோலால் கழுவி, பல நாட்கள் காற்றோட்டமான நிழலில் உலரவிட்ட பின்னரே மின்சாரம் கொடுக்க வேண்டும். நீர் புகுந்த வன்தட்டுக்கு வீட்டில் மின்சாரம் கொடுக்கவே கூடாது.

மின்னலும் மின்தடையும் அடுத்த எதிரிகள். 2022 பங்குனி இறுதியில் நாளுக்குப் 13 மணி நேரம்வரை மின்வெட்டு அமுலானதையும், 2025 பெப்ரவரி 9 ஆம் திகதி நாடு முழுவதும் இருளில் மூழ்கியதையும் நாம் அறிவோம். மின்சாரம் போனதும் வடத்தைப் பிடுங்கிவிட்டு, திரும்பி வந்து சில நிமிடங்களின் பின் செருகுவது செலவில்லாத காப்பு. இடிமின்னல் கூடிய ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் இணையக் கேபிளையும் சேர்த்துப் பிடுங்க வேண்டும்.

வாங்க முடியாத காலமும் வாங்கித் தரும் வழக்கமும்

இந்த அறிவுக்கு இப்போது ஏன் இவ்வளவு பெறுமதி? 2022 வசந்த காலத்தில் 200 ரூபாவை அண்டியிருந்த அமெரிக்க டொலர் இரண்டு மாதங்களில் 350 ரூபாவைக் கடந்தது. இறக்குமதிப் பொருளான கணினியின் விலையும் அதோடு ஏறியது. 2024 தை முதலாம் திகதி பெறுமதி சேர் வரி 18 வீதமானது. நாடு முழுவதையும் எடுத்தாலும் ஏறத்தாழ ஐந்து வீடுகளில் ஒன்றில்தான் மேசைக் கணினியோ மடிக்கணினியோ இருந்ததாகத் தொகைமதிப்புத் திணைக்களத்தின் அண்மைய ஆண்டுக் கணக்குகள் காட்டின. தினக்கூலியிலும் சிறுபோக நெல்லிலும் தங்கியிருக்கும் குடும்பமொன்று 'பழையது போகட்டும், புதியது வாங்குவோம்' என்று சொல்லும் நிலையில் இல்லை.

பிள்ளைகளின் கல்வியும் இதில் அடங்கியிருக்கிறது. 2013 இல் க.பொ.த. உயர்தரத்தில் தொழினுட்பப் பிரிவு அறிமுகமானது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் பொறியியல் பீடமும், இலங்கை - ஜேர்மன் பயிற்சி நிறுவனமும் இயங்குகின்றன. 2021 இல் வவுனியாப் பல்கலைக்கழகம் தனிப் பல்கலைக்கழகமானது. வாசல்கள் திறந்திருக்கின்றன. அந்த வாசல்வரை போக ஒரு மாணவிக்குத் தொட்டுப் பழகக் கணினி வேண்டும்.

எமது பாடசாலைகளுக்குக் கணினி கொடுப்பவர்களுக்குக் குறைவில்லை. பழைய மாணவர் சங்கங்களும் புலம்பெயர் உறவுகளும் நிறுவனங்களும் கொடுக்கின்றன. பொன்னாடை, படம், உரை எல்லாம் நடக்கும். ஆனால் மூன்றாம் ஆண்டில் றாம் அட்டையொன்று தளர்ந்தால் அதை அமத்திவிட ஆளில்லை, பற்றரி வாங்க ஒதுக்கீடில்லை. பொருட்பதிவேட்டில் ஏறிய பொருளைத் திறந்தால் பொறுப்புச் சொல்ல வேண்டுமே என்று ஆசிரியர்கள் அஞ்சுவதிலும் நியாயம் உண்டு. பொறுப்பு எழுத்தில் வரையறுக்கப்படாத இடத்தில் யாரும் திருகாணியைத் தொடமாட்டார்கள். கணினி உறையோடு மூடிக் கிடக்கும்.

உலகளவிலும் இதுவே கதை. 2022 இல் மட்டும் 6 கோடியே 20 இலட்சம் தொன் மின்கழிவு உருவானதாகவும், அதில் 22.3 வீதமே முறைப்படி சேகரித்து மீள்சுழற்சி செய்யப்பட்டதாகவும் ஐ.நா. நிறுவனங்களின் 2024 ஆம் ஆண்டு அறிக்கை கூறுகிறது. வின்டோஸ் 10 இன் முடிவோடு இந்தக் குவியல் இன்னும் உயரும். அதில் ஒரு பகுதி 'உதவி' என்ற பெயரில் எம் பக்கம் வரும். ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் எதைப் பெறுகிறோம், அதை யார் பராமரிப்பார், பழுதானால் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளைக் கேட்டே ஏற்க வேண்டும். இல்லாவிடில் பிறருடைய குப்பைக்கு நாம் களஞ்சியமாவோம்.

வின்டோஸ் 10 இற்கு ஆதரவு முடிந்ததால் கணினி அன்றே நின்றுவிடாது. பாதுகாப்புத் தான் நாளுக்கு நாள் குறையும். வங்கி அலுவல் பார்க்கும் கணினிக்கு அது ஆபத்து. அத்தகைய பழைய கணினிகளில் லினக்ஸ் மின்ட் போன்ற இலவச இயங்குதளத்தை நிறுவலாம். நான்கு ஜி.பி. றாம் இருந்தால் தாராளமாக ஓடும். தமிழ் ஒருங்குறி, இணையம், கடிதம் அடித்தல் எல்லாம் அதில் முடியும். பாமினி எழுத்துருவையும் அதில் நிறுவலாம். பழைய வன்தட்டைக் கழற்றிப் பத்திரப்படுத்திவிட்டு, சிறிய எஸ்.எஸ்.டி. ஒன்றைப் பூட்டினால் பத்து வருடக் கணினியும் வேகமெடுக்கும்.

என்ன செய்யலாம்?

வன்னி மக்களுக்குப் பழுதுபார்ப்பு புதிய பாடமல்ல. பொருளாதாரத் தடைக் காலத்தில் பற்றரி இல்லாதபோது சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டோம். பெற்றோலைத் துளித்துளியாகக் காட்டி மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினோம். ஜாம் போத்தல் விளக்கில் படித்தவர்கள் பல்கலைக்கழகம் போனார்கள். அந்தக் கைத்திறன் வறுமையின் அடையாளமாக மட்டும் நினைவுகூரப்படுகிறது. உண்மையில் அது ஒரு அறிவு மரபு. அது அடுத்த தலைமுறைக்குக் கைமாறவில்லை.

முல்லைத்தீவு மாவட்டத்தில் முல்லைத்தீவு, துணுக்காய் என இரண்டு கல்வி வலயங்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பழுதுபார்ப்பு மேசையும், மாதத்தில் ஒரு நாள் பாடசாலைகளுக்குச் செல்லும் ஒருவரும் இருந்தால் பாதிப் பிரச்சினை தீரும். தொழிற்பயிற்சி அதிகார சபையில் வன்பொருள் பயிற்சி பெறும் இளையோரை இதற்குப் பயன்படுத்தலாம். அவர்களுக்குப் பயிற்சி, பாடசாலைக்குத் திருத்தம். பத்துக் கணினி கொடுக்க நினைக்கும் சங்கம் எட்டைக் கொடுத்து, இரண்டின் பணத்தைப் பற்றரிக்கும் வெப்பப்பசைக்கும் றாமுக்கும் உதிரி பவர் சப்ளைக்கும் ஒதுக்கலாம். அதைப் பற்றிப் பத்திரிகையில் படம் வராது. ஆனால் எட்டும் ஐந்தாண்டு ஓடும்.

தொடர்பாடல் நிலையங்கள் நடத்துபவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உங்கள் வன்தட்டில் ஊரின் நினைவு இருக்கிறது. வருடத்தில் ஒருநாளாவது அதைப் பிரதி செய்யுங்கள். குடும்பங்கள் கேட்டால் அவர்களின் கடிதங்களை ஒரு பென் டிறைவில் கொடுத்துவிடுங்கள். யாரும் 'போர்மட்' என்ற சொல்லை உச்சரிக்குமுன், பிரதி எடுத்தாயிற்றா என்று கேளுங்கள்.

மூலையில் ஒதுக்கிய கணினி ஒன்று உங்கள் வீட்டிலும் இருக்கலாம். இந்த வார இறுதியில் அதைத் திறந்து, முதலில் வன்தட்டைக் கழற்றி வையுங்கள். பின்னர் அந்த நான்கு முனைச் செருகியையும், றாமையும், காசளவு பற்றரியையும் பாருங்கள். இயங்கினால் ஒரு பிள்ளைக்குப் படிக்க உதவும். இயங்காவிட்டாலும், ஒரு தாய் மீண்டும் முதலிலிருந்து சொல்லத் தேவையில்லாத ஒரு கடிதமாவது உங்கள் கையில் மிஞ்சும்.